லூர்து மேரி டீச்சரின் பிரிட்ஜை அணைக்காதீர்கள்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, மேடையில் இருக்கும் பெரியோர்களே, டீச்சரின் கணவர் பிலவேந்திரன் அவர்களே, டீச்சரிடம் விலங்கியல் படித்துவிட்டு இன்று கைக்குழந்தையோடு வந்திருக்கும் பழைய மாணவிகளே, இடமில்லாமல் வராண்டாவில் நிற்பவர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் லூர்து மேரி டீச்சர் நல்லவர் என்றார்கள். உண்மை. பொறுமைசாலி என்றார்கள். அதுவும் உண்மை. என்ன வேலை செய்தார் என்று ஒருவராவது சொன்னீர்களா? "ஏதோ பூச்சி ஆராய்ச்சி" என்று ஒருவர் சொன்னார். ஏதோ! பத்து வருஷ உழைப்புக்கு நாம் கொடுத்த பெயர் அதுதான்.

நான் இந்தப் பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன். துக்கத்தைவிட இன்று எனக்குக் கோபம் அதிகம். ஆனாலும் கரும்பலகைக்கு முன் நின்று பழகியவன், வரிசையாகத்தான் சொல்வேன்.

ஆவாரஞ்செடியைச் சுற்றித் தாழப் பறக்கும் சின்ன மஞ்சள் வண்ணத்துப்பூச்சியை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். வத்தல்மலையில் இருக்கிறது. பாப்பாரப்பட்டிக் காட்டில் இருக்கிறது. ஒகேனக்கல் ஆற்றோர ஈரமண்ணில் கூட்டமாக உட்கார்ந்திருக்கிறது. கண்ணுக்கு மூன்றும் ஒன்று. டீச்சர் கேட்ட கேள்வி, பிறப்பிலும் மூன்றும் ஒன்றா?

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு மூட்டையில் ராகி, சாமை, தினை, கொள்ளு, மொச்சை எல்லாம் கலந்து கிடக்கிறது. மரக்காலால் மொண்டால் எல்லா வகையும் வரும். குழந்தை கையால் அள்ளினால்? இரண்டு மூன்று வகை விட்டுப்போகும். மலைமேல் ஒதுங்கி வாழும் பூச்சிக்கூட்டம் அந்தக் குழந்தை கை போன்றது என்பது டீச்சரின் ஊகம். ஆற்றோரத்துக்கு நாலா பக்கமிருந்தும் பூச்சி வந்து கலக்கும், அது மரக்கால். அப்படியானால் மலைப்பூச்சிகளுக்குள் வகை குறைவாகவும் ஆற்றோரத்தில் அதிகமாகவும் இருக்க வேண்டும். இருக்கிறதா? அதுதான் கேள்வி.

இது தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பீர்கள். எண்பத்து மூன்றில் மழை பொய்த்தது நினைவிருக்கிறதா? ஒரே விதையைப் போட்டவன் காடு மொத்தமாகக் காய்ந்தது. நாலு விதை கலந்து போட்டவனுக்கு ஒன்றாவது நின்றது. பூச்சிக்கும் அதே நியாயம்தான். எந்த இடத்துக் கூட்டம் ஒரு கெட்ட வருஷத்தைத் தாங்கும், எது தாங்காது என்பதை முன்னாலேயே அறிய முடியுமா என்று பார்த்தவர் அவர்.

அதற்கு வழி உண்டு. பூச்சியின் உடம்பைப் பிழிந்து, அந்தச் சாற்றை மாவுக்கூழ் வில்லையில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால், உள்ளிருக்கும் புரதங்கள் கோடு கோடாகப் பிரிந்து நிற்கும். பிறப்பில் வேறுபாடு இருந்தால் கோடு விலகும். கருவி இருப்பது வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில். அங்கே போய்ச் சேரும்வரை பூச்சி உறைபனியில் இருக்க வேண்டும். உருகினால் சாறு கெடும். சாறு கெட்டால் கோடு இல்லை.

நம் ஊரில் மின்சாரம் வரும் அழகு உங்களுக்குத் தெரியும். கரண்ட் போனால் டீச்சர் ஐஸும் கல்லுப்பும் வாங்கிவந்து பிரிட்ஜில் அடுக்குவார். ஒகேனக்கல்லில் மீன் வறுவல் கடை ஜான் பீ அவருக்கென்று ஐஸ் எடுத்து வைப்பார். ஒருமுறை திரும்பி வரும் பஸ்ஸில் கண்டக்டர், டீச்சரின் ஐஸ் பெட்டியை மீன் பெட்டி என்று நினைத்து மேலே போடச் சொன்னார். மேலே என்றால் வெயில்.

"மீன் இல்லப்பா, பூச்சி."

"பூச்சிக்கு எதுக்கும்மா ஐஸு? காய்ச்சலா?"

பஸ்ஸே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். பெட்டியை மட்டும் மடியிலிருந்து இறக்கவில்லை. ஊர் வந்து இறங்கும்போது புடவை முழுக்க நனைந்திருந்தது.

நம் ஆசிரியர் அறை மட்டும் சளைத்ததா? "டீச்சர், உங்க மஞ்சப் பூச்சிக்கு ரேஷன் கார்டு வந்துடுச்சுங்களா?" என்று கேட்டவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். "கார்டு அப்புறங்க சார். எந்த வூட்டுப் புள்ளைன்னே இன்னும் தெரியல," என்று பதில் வந்தது. மேலதிகாரியிடம் ஒரு நல்ல பிரிட்ஜ் கேட்டுப் போனார். பாடத்திட்டத்தில் வருகிறதா என்று கேட்டார்கள். ஒரே மாவட்டத்துப் பூச்சி எப்படி வேறு வேறாகும் என்று கேட்டார்கள். மாவட்டத்துக்குக் கோடு போட்டது நாம். பூச்சி போட்டதா?

இதையெல்லாம்கூட மறந்துவிடலாம். போன வருஷத்து ஆயுத பூஜையை என்னால் மறக்க முடியவில்லை.

மூன்று இடத்துப் பூச்சியும் சேர்ந்து, குப்பிகள் எல்லாம் பிரிட்ஜில் இருந்தன. பூஜைக்கு முதல்நாள் நம் ஆய்வகத்து மாதையன் வழக்கப்படி எல்லாக் கருவியையும் துடைத்தார். பூஜை அன்று கருவி வேலை செய்யலாமா? கூடாது. அதற்கும் ஓய்வு வேண்டும். தராசுக்குப் பொட்டு, மைக்ராஸ்கோப்புக்குப் பொட்டு. பிரிட்ஜின் சுவிட்சை அணைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டி, கதவைப் பூட்டிக்கொண்டு போனார். டீச்சர் சொந்த ஊர் மாதா கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தார். விடுமுறை முடிந்து கதவைத் திறந்தபோது தரையெல்லாம் தண்ணீர். குப்பியைத் திறந்தால் நாற்றம்.

மாதையனைக் குற்றம் சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. அதோ, தூணுக்குப் பக்கத்தில் அழுதுகொண்டிருக்கிறார். பக்தியாகத்தான் செய்தார். நம்மில் யார் அவர் இடத்தில் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். எனக்குத்தான் அன்று கோபம் தலைக்கேறியது. டீச்சர் திட்டவில்லை. மாதையனுக்கு டீ வாங்கிவரச் சொன்னார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, அந்த மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"எல்லாரும் மரியாதைதாங்க சார் பண்றாங்க. இந்த மரியாதையிலதான் என் பூச்சி கெட்டுப்போச்சு."

மறுமழைக்கு மறுபடி கிளம்பினார். மறுபடி மலை, மறுபடி காடு, மறுபடி ஆறு. இறப்பதற்கு முந்தின வாரம் வத்தல்மலையிலிருந்து கடைசிக் குப்பிகள் வந்து சேர்ந்தன. அடுத்த மாதம் பல்கலைக்கழகத்தில் அவருக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்குள் மாரடைப்பு முந்திக்கொண்டது.

இப்போது தலைமையாசிரியர் அவர்கள் தீர்மானம் வாசித்தார்கள். நாளை பள்ளிக்கு விடுமுறை. ஆய்வகத்துக்கு டீச்சரின் பெயர். படத்திறப்பு நடக்கும்வரை மரியாதையின் பொருட்டு ஆய்வகம் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டி வைக்கப்படும். எல்லோரும் கை தட்டினீர்கள்.

ஐயா, மறுபடியும் மரியாதையா? டீச்சரின் பூச்சிகள் அதற்குள்தானே இருக்கின்றன?

விடுமுறை விடுங்கள். படம் மாட்டுங்கள். அந்த சுவிட்சில் மட்டும் கை வைக்காதீர்கள். சாவியை நம் ஷகிலா டீச்சரிடம் கொடுங்கள். லூர்து மேரி டீச்சரோடு வலையெடுத்து அலைந்தவர், பல்கலைக்கழகத்தில் வேலையை அவர் முடிப்பார். பஸ்ஸில் ஐஸ் பெட்டியை நான் மடியில் வைத்துக்கொண்டு போகிறேன், வேட்டி நனைந்தால் நனையட்டும். கரண்ட் போனால் ஐஸ் வாங்கிவர மாதையன் நேற்றே என்னிடம் பொறுப்பு ஏற்றுவிட்டார். மலையும் ஆறும் ஒன்றா இல்லையா என்ற பதில் எதுவாக இருந்தாலும், அது டீச்சரின் பெயரில் வரும். இது பிலவேந்திரன் அவர்கள் முன்னால் நாங்கள் மூவரும் கொடுக்கும் வாக்கு.

இனி இரண்டு நிமிடம் மௌனமாக நிற்போம். இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஆய்வகம். நாம் பேசாமல் இருந்தால் அந்தப் பழைய பிரிட்ஜின் முனகல் இங்கே கேட்கும். கேட்டால் தலை குனிந்து நில்லுங்கள். கேட்கவில்லை என்றால் மௌனம் முடியட்டும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம், மாதையா, நீ ஓடு.