பதினாறு கோரா, இருபத்து நான்கு கோரா

கோர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து பிராசசர் வாங்குகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். இதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஸ்டேஷனில் நீங்கள் வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்கு இந்தக் கவலை வேண்டாம். என் வேலைக்கு அது முக்கியம்.

கீழே திருப்பத்தூரிலிருந்து ட்ரோனில் எடுத்த படங்களை எனக்கு அனுப்புவார்கள். ஏரி, காடு, சாலை என்று மேலிருந்து எடுத்த துண்டு துண்டான படங்கள். மூவாயிரம் படங்களை ஒட்டவைத்து ஒரே வரைபடமாக்கிக் கொடுக்க வேண்டும். மலைமேல் புதூர்நாட்டில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்கிறவன் நான் ஒருவன்தான். பழைய கம்ப்யூட்டரில் ஒரு வரைபடத்துக்கு ஏழு மணி நேரம் ஆனது. அதனால் மாற்ற முடிவு செய்தேன்.

போட்டியில் இரண்டு கம்பெனிகள். கோர் என்பது பிராசசருக்குள் வேலை பார்க்கும் ஆள் மாதிரி. ஒன்றில் பதினாறு கோர், எல்லாம் ஒரே அளவு. மற்றதில் இருபத்து நான்கு, ஆனால் அதில் எட்டுதான் பெரியவை. மீதிப் பதினாறும் எடுபிடி வேலைக்கு. எங்கள் ரேஷன் கார்டில்கூட மூன்று பேர் இருக்கிறோம், வேலை பார்ப்பது நான் ஒருவன். யூடியூபில் பாதிப்பேர் இதுதான் சிறந்தது என்கிறார்கள், பாதிப்பேர் அதுதான் என்கிறார்கள். யார் யாருக்காகப் பேசுகிறார்கள் என்று எப்படித் தெரியும். நான் சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்புவதில்லை. யாராவது காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சரி என்பேன்.

திருப்பத்தூரில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் லட்சுமணன் என்னோடு படித்தவன். இரண்டையும் நான்கு நாளைக்குக் கொடுத்தான். ஜீப்பில் மடியில் வைத்துக்கொண்டு மலை ஏறினேன். ஒப்பிடுவது என்றால் எல்லாம் ஒரே நிலைமையில் இருக்க வேண்டும். அதே படங்கள், அதே அறை, அதே ஜன்னல், அதே மத்தியான நேரம். ஒன்று மாறினாலும் முடிவு செல்லாது.

செவ்வாய்க்கிழமை பதினாறு கோரை ஓட்டினேன். இரண்டு மணி நேரம் பதினொரு நிமிடம் ஆனது. வோல்டேஜ் ஒரு தடவைகூட இறங்கவில்லை. அன்றைக்கு அண்ணனும் அண்ணியும் ஆஸ்பத்திரிக்குக் கீழே போயிருந்தார்கள்.

என் அண்ணன் மாதையனைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கர்நாடகத்தில் கல் உடைக்கும் இடத்தில் பதினாறு வருடம் இருந்தார். நுரையீரல் முழுக்கத் தூசி. என்னைப் படிக்கவைத்ததும் அந்தத் தூசிதான் என்று அண்ணி சசிகலா சொல்வாள். அதை நான் சரிபார்த்ததில்லை. இரண்டு வருடமாக மூக்கில் டியூபோடு, கரண்டில் ஓடும் ஆக்சிஜன் மெஷின் பக்கத்தில் இருந்தார். அவர்கள் வீடும் என் அறையும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். மீட்டர் ஒன்று, வெளியே போர்டும் ஒன்று, அதில் ஆளுக்கொரு பீஸ் கட்டை.

புதன்கிழமை இருபத்து நான்கு கோரை ஓட்டினேன். அண்ணன் வீட்டில் இருந்தார். மெஷின் ஓட ஓட வோல்டேஜ் நூற்று எழுபதுக்கு இறங்கியது. யுபிஎஸ் பேட்டரிக்கு மாறி எட்டு நிமிடம் தாக்குப்பிடித்தது, பிறகு எல்லாம் அணைந்துவிட்டது. திரும்ப ஆரம்பித்தேன், திரும்ப அணைந்தது. அந்த பிராசசருக்கு இது அநியாயம் இல்லையா. லட்சுமணன் கடையிலேயே ஓட்டியிருக்கலாமே என்று நீங்கள் நேற்றுக் கேட்டீர்கள். அங்கே ஏசி இருக்கிறது. அது வேறு நிலைமை.

சாயந்திரம் அண்ணியிடம் போய், நாளைக்கு இரண்டு மணி நேரம் மட்டும் மெஷினை நிறுத்திவைக்க முடியுமா என்று மரியாதையாகத்தான் கேட்டேன். அண்ணி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னா தம்பி பேசுற நீ. அத்த நிறுத்துனா உங்க அண்ணன் இருக்கமாட்டாரு."

அண்ணன் கட்டிலிலிருந்து என்னைப் பார்த்தார். சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. மூச்சுக்குத் திண்டாடுகிறவர் அப்படிச் சிரிப்பாரா?

எனக்கு அவர்மேல் சந்தேகம் புதிதாக வந்ததல்ல. டியூபைக் கழற்றிவிட்டுப் பலா மரம்வரை நடந்து போவதை ஜன்னல் வழியாகப் பலமுறை பார்த்திருக்கிறேன். தேதி போட்டுக் குறித்து வைத்திருக்கிறேன். ஒருமுறை ஆறு நிமிடம். ஒருமுறை ஒன்பது. ஆள் இருக்கும்போது இருமல் அதிகம், இல்லாதபோது குறைவு. ஊரே பாவம் மாதையன் என்கிறது, ஒருவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பெட்டியில் இருபத்து நான்கு என்று அச்சடித்திருப்பதை அப்படியே நம்புவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வியாழக்கிழமை மத்தியானம் அண்ணி ரேஷன் கடைக்குப் போனாள். ஆடு நுழையாமலிருக்க எப்போதும்போல் கதவுக்கு வெளியே கொக்கி போட்டுவிட்டுப் போனாள். நான் போர்டில் அவர்கள் பக்கத்து பீஸைப் பிடுங்கி மேஜைமேல் வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தேன். மணி ஒன்று பத்து.

கரண்டு போனால் உதவட்டும் என்று அவர் கட்டில் ஓரத்தில் ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கும். அதை முந்தின நாளே வாங்கி என் அறையில் வைத்திருந்தேன். காற்று குறைந்திருக்கிறது, மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று அண்ணியிடம் சொன்னேன். உண்மையில் அளவு முள் முழுசில்தான் நின்றது. சிலிண்டர் இருந்தால் மெஷின் இல்லாமல் அவரால் இருக்க முடியுமா முடியாதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மெஷின் கொஞ்ச நேரம் கீகீ என்று கத்தியது. அப்புறம் சுவரில் தட்டல் கேட்டது. பதினான்காவது நிமிடத்தில் முதல் தட்டல். நிதானமாக, ஒரே இடைவெளியில் தட்டினார். சாகப்போகிறவர் இவ்வளவு ஒழுங்காகத் தட்டமாட்டார் என்று நினைத்தேன். பிறகு அண்ணன் நம்பரிலிருந்து என் போன் அடித்தது. நான்கு முறை. நீங்கள் அதைப் பார்த்துவிட்டீர்கள். போனை எடுப்பதால் பிராசசர் வேகம் குறையாது, அது எனக்குத் தெரியும். எடுத்தால் அவர் பேசுவார், நான் இரங்கிவிடுவேன், சோதனை பாதியில் நின்றுபோகும். கடைசித் தட்டல் முப்பத்தோராவது நிமிடம். அதன்பின் அமைதி. வோல்டேஜ் கோடு போட்டதுபோல் நேராக நின்றது. உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இரண்டு மணி நேரம் பதினான்கு நிமிடத்தில் வரைபடம் முடிந்தது. போய் பீஸை மாட்டினேன். சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் பழையபடி ஓட ஆரம்பித்தது. அண்ணி நாலு மணிக்கு வந்து கொக்கியை எடுத்தாள்.

நோய் முற்றி இறந்துவிட்டார் என்றுதான் ஊர் சொன்னது. காரியம் முடிந்த மறுநாள், எங்கள் வீட்டுப் பக்கம் ஆடு மேய்க்கும் மங்கம்மாள் அன்றைக்கு மெஷின் கத்தியதைக் கேட்டதாகவும் என் ஜன்னலில் கம்ப்யூட்டர் ஓடியதைப் பார்த்ததாகவும் சொல்லியிருக்கிறாள். அண்ணி என் அறை வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. கம்ப்யூட்டரையே பார்த்தாள். மூலையில் சிலிண்டரையும் பார்த்தாள்.

"கரண்டு போனாத்தான் அந்த மெஷினு கத்தும். உன்னுது மட்டும் எப்படி தம்பி ஓடுச்சு?"

யுபிஎஸ் என்று சொல்லிப் பார்த்தேன். அண்ணி அடுத்த ஜீப்பில் உங்களிடம் வந்துவிட்டாள். கம்ப்யூட்டரில் அன்றைய பதிவு நிமிடம் நிமிடமாக இருக்கிறது, நான் அதை அழிக்கவில்லை. பொய்ப் பதிவு வைத்துக்கொள்கிறவன் நான் இல்லை.

இரண்டு பிராசசருக்கும் வித்தியாசம் மூன்று நிமிடம்தான். அந்த அளவு வித்தியாசம் ஒன்றையே இரண்டு தடவை ஓட்டினாலும் வரும். எதை வாங்குவது என்று இன்னும் முடிவு செய்ய முடியவில்லை. இரண்டும் என் மேஜைமேல்தான் இருக்கின்றன, லட்சுமணனிடம் சேர்த்துவிடுங்கள்.

நீங்கள் கொலை என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள். பீஸைப் பிடுங்கினேன், சிலிண்டரை எடுத்தேன், கொக்கியை எடுக்கவில்லை, போனை எடுக்கவில்லை. எல்லாம் நான்தான். அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அண்ணன் நடிக்கவில்லை. ஒரே ஒரு முறை சோதித்ததை வைத்து நான் எதையும் நம்புகிறவன் இல்லை. இருந்தாலும் அண்ணன் என்பதால் ஏற்றுக்கொள்கிறேன்.