தலை திரும்ப வேண்டிய பக்கம்

எனக்கு விழுவது பிடிக்கும். ஜூடோவில் அதைத்தான் முதலில் கற்றுத்தருவார்கள். கையை ஊன்றக் கூடாது. முகவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, உள்ளங்கையால் தரையில் விரித்த மெத்தையை ஓங்கி அறைய வேண்டும். சத்தம் பெரிதாகக் கேட்கும், வலி இருக்காது. எங்கள் ஹாலில் என்னைப்போல் விழ ஆள் கிடையாது என்று கோச் மாலிக் சார் சொல்வார். ரோசரியைத் தயார்படுத்தும் வேலையை என்னிடம் கொடுத்ததும் அதனால்தான்.

அது எண்பத்தாறு. டில்லியில் பல நாட்டுப் பெண்கள் அணி அணியாக மோதும் போட்டி. அணிக்கு ஐந்து பேர், எடைக்கு ஒருத்தி. ரோசரியும் நானும் ஒரே எடை. ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி திருவெறும்பூர் ஹாலுக்கு வருடக்கணக்காக வந்துகொண்டிருந்தவள் நான். அவள் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பெண். வேடிக்கை பார்க்க நின்றவளை உள்ளே கூப்பிட்டு இடுப்பில் பெல்ட் கட்டிவிட்டதே நான்தான். செலக்‌ஷனில் என்னைத் தூக்கிப் போட்டாள். நியாயமாகத்தான் போட்டாள். அவளுக்கு இடம், எனக்கு ரிசர்வ்.

அணியின் நீல ப்ளேசர் வந்ததும் முதலில் எனக்குத்தான் மாட்டிப் பார்த்தாள். "செல்லி அக்கா, உங்களுக்கே தச்ச மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். உண்மைதான். கழற்றிக் கொடுத்தேன்.

அவளுடைய வீச்சைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எதிராளியின் சட்டைக்கையை இழுத்தபடி திரும்பி, அவள் கால்களுக்கு நடுவே தன் காலை விட்டு, தொடையை மேல்நோக்கி வீச வேண்டும். உடம்பு முன்னால் சாயும், எதிராளி சுழன்று போவாள். தலைக்கு ஒரே விதி: இழுக்கிற கையின் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். நேரே கீழே குனிந்தால் வேகம் கூடும். எதிராளி சுழன்றுவிட்டால் ஒன்றும் ஆகாது. சுழலாமல் நின்றுவிட்டால் இரண்டு பேர் எடையும் வீசியவளின் கழுத்தில் இறங்கும்.

ரோசரி ஒழுங்காகத்தான் திருப்புவாள். திருப்பியபோதெல்லாம் நான் இடுப்பைத் தாழ்த்தி அசையாமல் நின்றேன். குனிந்தபோதெல்லாம் பறந்தேன். ஹால் அதிர விழுந்து, "இதுதான் ரோசரி, இதுதான்" என்றேன். வாயால் சொல்வது மறந்துபோகும். எது பலித்ததோ அதை உடம்பு வைத்துக்கொள்ளும். ஐப்பசி மழை விடுவதற்குள் அவள் கழுத்து திரும்புவதை விட்டுவிட்டது.

மாலிக் சாருக்கு அப்போது ஃபேக்டரியில் ஷிப்ட், ஞாயிறு மட்டும் வருவார். ஒருநாள் கவனித்துவிட்டார்.

"தலை எங்கம்மா போகுது? திருப்பு."

"திருப்பினா அக்கா விழ மாட்டேங்கிறாங்க சார்."

அவர் என்னைப் பார்த்தார். "போட்டிக்குள்ள சரி பண்ணிடறேன் சார்" என்றேன். நம்பினார்.

டில்லியில் முதலில் மோதிய நாட்டோடு இரண்டுக்கு இரண்டு என்று சமமாக நின்றது. மிச்சம் ரோசரியின் ஆட்டம். மெத்தையில் ஏறும் முன் என் கையைப் பிடித்தாள்.

"ஏதாவது சொல்லுங்கக்கா."

"பழகினபடியே போடு."

அழகாக நுழைந்தாள். எதிராளி இடுப்பைத் தாழ்த்தி நின்றாள், நான் நின்ற அதே மாதிரி. தலை நேரே கீழே போயிற்று.

மறுநாள் ஆட்டத்துக்கு அந்த எடையில் ஆள் வேண்டியிருந்தது. ப்ளேசரில் எதையும் பிரித்துத் தைக்க வேண்டியிருக்கவில்லை.

தெரிந்தேதான் செய்தாயா என்று கேட்பீர்கள். தெரிந்துதான். அவள் தோற்றால் போதும் என்று நினைத்திருக்கலாமே என்பீர்கள். தோற்றவள் அடுத்த வருடம் திரும்பி வருவாள்.

இப்போது தினமும் அவள் வீட்டுக்குப் போகிறேன். கழுத்துக்குக் கீழே அசைவில்லை. புண் வராமல் புரட்டிவிட வேண்டும். தலை, தோள், இடுப்பு எல்லாம் ஒன்றாகத் திரும்ப வேண்டும். அவள் அம்மா இருதயமேரிக்கு அந்தப் பக்குவம் வராது, நான் தொட விடுவதில்லை. "நீ இல்லன்னா எம்புள்ள என்னம்மா ஆவா" என்று அழுவார். ரோசரி என்னிடம் பேசுவதில்லை. நான் தலையைத் தொட்டதும் கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள். அவ்வளவு நம்பிக்கை. அந்தக் கழுத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள என்னைவிட யாருக்குத் தெரியும்?