நாப்பத்திமூணுல நின்ன போர்டு

...நல்லாத்தான் இருக்காம் அக்கா, போர்டு. அந்தக் கவுண்டர்காரர் சொல்றாரு. நம்பர் பளிச்சுன்னு தெரியுதே, அப்புறம் என்னங்குறாரு. தெரியுது, தெரியுது... பத்தரை மணியிலேர்ந்து அதே நாப்பத்திமூணுதான் தெரியுது. உக்காருங்க, இந்தப் பையை எடுத்துடறேன். என் டோக்கனா? நாப்பத்திநாலு. சிரிக்காதீங்க. ஒன்றரை மணி நேரமா நான்தான் அடுத்தது.

போர்டு மாறாம அடுத்த ஆளைக் கூப்பிட அவருக்கு அதிகாரம் இல்லையாம். ரெண்டு தடவை போய்க் கேட்டுட்டேன். போர்டுல வரட்டும்மா, வந்ததும் கூப்பிடறேன்னாரு. ஐயா, அந்த போர்டு செத்துப்போச்சுன்னேன். தலையத் தூக்கி நிதானமாப் பாத்துட்டு, "எரியுதே"ங்குறாரு. இவர்கிட்ட என்னத்தைப் பேசறது, சொல்லுங்க.

அதோ, கோடு போட்ட சட்டை, அவருதான் நாப்பத்திமூணு. மனுஷன் வேலைய முடிச்சுட்டு வாசல் வரைக்கும் போயிட்டாரு. திரும்பிப் பாத்தா போர்டுல இன்னும் தன் நம்பரே நிக்குது. நேரா வந்து பொண்டாட்டி பேப்பரை நீட்டினாரு. வாங்கிக்கிட்டாங்க அக்கா! நம்பர் சரியா இருக்கேன்னு வாங்கிக்கிட்டாங்க. அப்புறம் வீட்டுக்கு போன் போட்டு, மச்சான் பேப்பரு, மாமனார் பேப்பரு எல்லாத்தையும் எடுத்துட்டு வரச் சொல்லிட்டாரு. இப்ப மூணாவது ரவுண்டு போயிட்டிருக்கு. அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன், எனக்கு அந்த நம்பர் கிடைச்சிருந்தா நானும் அதைத்தான் செஞ்சிருப்பேன்.

ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கிடுவாங்க. எனக்கு வேண்டியது என் பயணப் பேப்பர்ல ஒரே ஒரு முத்திரை. நாளைக்குக் காலைல ஃப்ளைட். தங்கச்சிக்குத் தலைப்பிரசவம், வெளிநாட்டுல இருக்கா. அம்மா இருந்தா அம்மா போயிருப்பாங்க... இல்ல. அதனால நான். நேத்து போன்ல, வந்துடுவேல்ல வந்துடுவேல்லன்னு நாலு தடவை கேட்டா. வந்துடுவேன்டி, தைரியமா இருன்னுட்டேன். இந்த முத்திரை இல்லாம ஏர்போர்ட் வாசலைக்கூடத் தாண்ட விட மாட்டாங்க.

என்ன ஆயிருக்கும்னா... அது எனக்குத் தெரியும். தெரிஞ்சு தொலைச்சிருக்கே, அதுதான் கஷ்டம். கம்ப்யூட்டர் ஸ்க்ரீன்ல படம் வரவைக்கிற ப்ரோக்ராம் எழுதறதுதான் என் பொழப்பு. மிஷின் உள்ளுக்குள்ள மொத்தமா படுத்துடுச்சுன்னு வைங்க, கடைசியா அது ஒரு வேலை செய்யணும். நான் விழுந்துட்டேன், இன்ன காரணம்னு ஸ்க்ரீன்ல எழுதிக் காட்டணும். கூடவே கறுப்பும் வெள்ளையுமா ஒரு கட்டம் வரும், அதை போன்ல படம் பிடிச்சா போதும், ரிப்பேர்காரங்களுக்கு முழு விவரமும் கிடைச்சுடும். அது மட்டும் வந்திருந்தா இவரு எரியுதேன்னு சொல்லுவாரா? அலறியடிச்சுக்கிட்டு வாயாலயே ஒவ்வொருத்தரா கூப்பிட்டிருப்பாரு. வரலையே.

அது எழுதறது சின்ன வேலைன்னு நினைக்காதீங்க. விழுந்த அந்த நிமிஷத்துல மிஷினுக்குள்ள யாருமே உயிரோட இல்ல. கொஞ்சம் மெமரி குடுங்கன்னு கேட்டா, குடுக்க ஆள் இல்ல. சித்த நேரம் தூங்கறேன், எழுப்புங்கன்னா, எழுப்ப ஆள் இல்ல. ஏற்கெனவே திரையில என்ன படம் இருக்கோ அது மேலயே ரெண்டு வரி கிறுக்கிட்டு நகந்துடணும். அதுக்குத்தான் அக்கா எங்க ஆபீஸ்ல அஞ்சு மாசம் ஆச்சு.

அஞ்சு மாசத்துல மூணு மாசம் கலருக்கே போச்சு. நீலம் வேணாம், பாக்கிறவங்க பயந்துடுவாங்கன்னு மேனேஜர். சிவப்பு வேணாம், ரத்தம் மாதிரி இருக்குன்னு விளம்பரக்காரங்க. கடைசியில ஒரு மாதிரி வெளுத்த சுண்ணாம்பு நிறம்... அதுக்கு எட்டு மீட்டிங். நான் மன்னிக்கவும்னு ஒரு வார்த்தை போட்டிருந்தேன், வக்கீல் வந்து அடிச்சுட்டாரு. மன்னிப்புக் கேட்டா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமாம். சரி, எழவு, விழுந்தே கிடக்குது, இன்னும் என்னத்தை ஒத்துக்கிறது?

இதுக்கு நடுவுல ஒரு தாடிக்காரர். நேர்ல பாத்ததில்ல, எங்கயோ கண்காணாத ஊர்ல இருக்காரு, போட்டோவுல தாடி மட்டும்தான் தெரியும். எங்க மிஷினை ஓட்டுற அடிப்படை ப்ரோக்ராம் உலகத்துக்கே பொதுவானது, அதுல சேக்கச் சொல்லி யாரு எழுதி அனுப்பினாலும் அவருதான் பாத்து ஒப்புக்கணும். என்னோடதை ஏழு தடவை திருப்பி அனுப்பினாரு. அதுவும் ஊரே படிக்கிற எடத்துல பதில் போட்டு. ஒரு தடவைகூடக் கோபமா எழுதலை, அதுதான் எனக்கு எரிச்சல். ஏழு தடவையும் ஒரே வரி. "இந்த இடத்துல யாருக்காகவும் காத்திருக்காதம்மா, ஒரு தடவை தட்டிப் பாரு, திறக்கலைன்னா விட்டுட்டுப் போ."

அதாவது அக்கா... திரையை ஒரு நேரத்துல ஒருத்தர்தான் தொடலாம். வேற யாராவது உள்ள வரைஞ்சுக்கிட்டு இருந்தா கதவு பூட்டியிருக்கும். நான் என்ன எழுதியிருந்தேன்னா, பூட்டியிருந்தா மரியாதையா வெளிய நின்னு, அவங்க முடிச்சுட்டு வந்ததும் உள்ள போன்னு. நல்ல பழக்கம்தானே? குளியலறை வாசல்ல நாம நிக்கறதில்லையா? ஆனா உள்ள போனவன் மயங்கி விழுந்துட்டான்னா... எத்தனை நேரம் நிப்பீங்க?

எனக்கு ரோஷம் வந்துடுச்சு. எட்டாவது தடவை அவருக்கு அனுப்பவே இல்ல. எங்க கம்பெனி மிஷினுக்கு மட்டும் இது போதும்னு மேனேஜர்கிட்ட சொல்லி நானே உள்ள சேத்துட்டேன். சோதிச்சுத்தான் பாத்தேன் அக்கா, சும்மா ஒண்ணும் விடலை. முப்பது தடவை மிஷினைச் சாகடிச்சேன், முப்பது தடவையும் அந்த சுண்ணாம்புக் கலர் அழகா வந்துச்சு. ஆனா என் மேசையில இருந்த ஸ்க்ரீன் சும்மா கிடந்துச்சு, அதுல வேற யாரும் வரையலை. இங்க பாருங்க, நம்பருக்குக் கீழ விளம்பரம் ஓடிக்கிட்டே இருக்குமே, ஓயாம வரைஞ்சுக்கிட்டே இருக்கும். எந்த நிமிஷம் விழுந்தாலும் கதவு பூட்டித்தான் இருக்கும், நான் எழுதினது வாசல்லயே நிக்கும். அவரு சொன்ன மாதிரி விட்டுட்டுப் போயிருந்தா மிஷினாவது தானா திரும்ப எழுந்திருக்கும். இது எனக்குத் தோணவே இல்ல. தோணியிருக்கணும்.

ஆமா... இதேதான். ஓரத்துல சின்னதா பச்சை எழுத்து தெரியுதா, அது எங்க கம்பெனிதான். எழுதினது நான்தான். மெதுவாப் பேசுங்க அக்கா, நீங்க வேற.

சரி பண்ண முடியாதான்னா... முடியும். போர்டுக்குப் பின்னாடி ஒரு பட்டன் இருக்கு, பத்து எண்ணுற வரைக்கும் அமுக்கிப் பிடிச்சா எழுந்துக்கும். ஆனா எழுந்தா ஒண்ணுலேர்ந்துதான் எண்ணும். அது நான் எழுதினது இல்ல, வேற டிப்பார்ட்மெண்ட். இந்த ஹாலே முட்டி மோதிப் புது டோக்கன் எடுக்கணும். இத்தனை பேர்ல எனக்கு எது வரும்? இப்ப நான் அடுத்த ஆளு. அவரு மனசு மாறி வாயால கூப்பிட்டா முதல்ல என்னைத்தான் கூப்பிடணும். அதனாலதான் யார்கிட்டயும் சொல்லாம வாய மூடிக்கிட்டு உக்காந்திருக்கேன். உங்ககிட்டதான் சொன்னேன்.

அது சரி, உங்க டோக்கன் என்ன? நூத்திப்பன்னெண்டா? ஐயோ பாவம். உங்களுக்கு இன்னிக்கு எப்படியும் வராதே அக்கா.

தண்ணி குடிக்கவா? போயிட்டு வாங்க, எடத்தைப் பாத்துக்கறேன். பையை வெச்சுட்டே போங்களேன்... சரி, எடுத்துக்கோங்க. அக்கா, குழாய் அந்தப் பக்கம். அது கவுண்டர் அக்கா. அவர்கிட்ட என்ன கேக்குறீங்க... ஏன் என்னைக் கையக் காட்டுறீங்க? அவரு எழுந்துக்கறாரே. இல்ல சார்... நான் சும்மா ஒரு வேலையா வந்தேன்... ஆமா சார், அந்தக் கம்பெனிதான். ஆமா, பட்டன் பின்னாடிதான் இருக்கு. அமுக்கறேன் சார், ஆனா ஒரு நிமிஷம், ஒரே ஒரு முத்திரை, அதை மட்டும் முதல்ல... சரி. சரி சார், வர்றேன்.

அக்கா, நீங்க எதுக்கு டோக்கன் மிஷின் பக்கத்துல போய் நிக்கறீங்க?