எல்வுட் ஏறிய கேதுரு

மேடையில் வீற்றிருக்கும் போதகர் ஐயா அவர்களே, வீட்டுத் தோட்ட ஆப்பிள் சங்கத்து உறுப்பினர்களே, போட்டது போட்டபடி இந்தத் தேவாலயக் கூடத்துக்கு ஓடி வந்திருக்கும் ஊராரே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். சுவரோரம் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் கார்லண்ட், உனக்கும்தான்.

நம் சங்கச் செயலாளர், பூச்சிகளுக்கு எமன், எல்வுட் ஷோவால்ட்டர் இன்று இல்லை.

எப்பேர்ப்பட்ட கொலைகாரர் அவர்! தண்டுத் துளைப்பான் புகுந்த மரத்தைக் கண்டால் மண்டியிட்டு உட்காருவார். துளைக்குள் கம்பியை விட்டுக் குடைந்து, புழுவை நுனியில் குத்தி இழுத்து, அது நெளிவதைக் கண் குளிரப் பார்த்துவிட்டுத்தான் நசுக்குவார். சொறி நோய் பிடித்த இலை தரையில் கிடந்தால் யார் வீட்டுக் கொல்லையானாலும் வாரிக் கொளுத்துவார். ஒருமுறை நான் வெளியே போயிருந்த நேரம் பார்த்து என் மரத்தில் பாதிக் கிளைகளை அறுத்துத் தள்ளியிருந்தார்.

"என்னய்யா, என் மரத்தைக் கொன்னுட்டீரே?" என்று சண்டைக்குப் போனேன்.

"கொல்லல தலைவரே. அழுகின கையை எடுத்திருக்கேன், ஆள் பொழைச்சுக்கும்" என்றார்.

பிழைத்தது. அந்த மரத்துப் பழத்தைப் போட்டுத்தான் அடுத்த வருஷம் சங்கத்து அண்டாவில் ஆப்பிள் கூழ் காய்ச்சினோம்.

போன வருஷம் துரு நோய் வந்தது. இலையெல்லாம் மஞ்சள் பொட்டு விழுந்து, ஆகஸ்டிலேயே ஊர் மரங்கள் மொட்டையாக நின்றன. குளிர்காலம் முழுக்கக் கேதுரு மரத்தில் பழுப்புக் கட்டியாகத் தொங்கி, ஏப்ரல் மழை பட்டதும் ஆரஞ்சு நிறத்தில் கொழகொழவென்று பிதுங்கி, காற்றில் பறந்து வந்து ஆப்பிள் இலையைத் தின்னும் சனியன் அது. ஊருக்கு மேற்கே ஹெஸ்டர் லைன்வீவர் அம்மாள் வீட்டு வேலியில் மூன்று கேதுருக்கள் நின்றன. மூன்றிலும் கட்டிகள்.

சங்கக் கூட்டத்தில் எழுந்து, "வெட்டிப் போட்டா வேலை முடிஞ்சுது" என்றான் எல்வுட்டின் தம்பி கார்லண்ட். நம் தாத்தாக்கள் காலத்தில் ஆப்பிளுக்காகக் கேதுருவை வெட்டச் சட்டமே இருந்தது. நம்மில் பாதிப் பேர் கை தட்டினோம்.

எல்வுட் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். "உனக்குப் பல்லு வலிச்சா பக்கத்து வீட்டுக்காரி தலையையா வெட்டுவே? கட்டிதானேடா ஒழியணும்? நான் ஏறிப் பறிக்கிறேன்."

போனார். முதல் நாள், மரத்தை வெட்ட வந்தவர் என்று நினைத்து ஹெஸ்டர் அம்மாள் துப்பாக்கியால் சுட்டதில் தலையிலிருந்த தொப்பி பறந்தது. அதைக் குனிந்து எடுத்து மாட்டிக்கொண்டு, "நல்ல குறிம்மா. குடிக்கக் காபி இருக்கா?" என்று கேட்டாராம். இருந்தது. அன்றிலிருந்து பனியில் விரல் வெடித்து ரத்தம் வர வர வாளி வாளியாகப் பறித்து, அந்த அம்மாள் வீட்டு அடுப்பிலேயே போட்டு எரித்தார்.

போன சனிக்கிழமை அந்த அம்மாள் கடைக்குப் போயிருந்தார். வீட்டில் ஆள் இல்லை என்று தெரிந்துகொண்டு கார்லண்ட் மோட்டார் ரம்பத்தோடு வேலி தாண்டினான். காதில் மூடி. அந்நேரம் எல்வுட் மேலே கட்டி பறித்துக்கொண்டிருந்தார்; கேதுருவின் அடர்த்திக்குள் ஏறியவர் வெளியே தெரிய மாட்டார். மேலிருந்து எல்வுட் எவ்வளவு கத்தினாரோ, யாருக்குத் தெரியும்? மரம் அவரோடு சேர்ந்து விழுந்தது. மரத்தண்டு நெஞ்சை நசுக்கியிருந்தது. ஹெஸ்டர் அம்மாள் திரும்பி வந்தபோது, ரம்பம் ஓடியபடி கிடக்க, அண்ணனை வெறும் கையால் இழுத்துக்கொண்டிருந்தான் தம்பி.

வழக்கை நீதிமன்றம் பார்க்கும். எனக்கு வயிறு எரிவது வேறொன்றுக்கு. சற்று முன் வாசலில் நம் உறுப்பினர் ஒருவர், "ரெண்டு மரம் பாக்கி. ஆளே போனதுக்கு அதையாவது சாய்க்கணும்" என்றார். இன்னொருவர் கார்லண்டின் கொட்டகைக்குத் தீ வைக்கலாம் என்றார். வெட்கமாக இல்லையா உங்களுக்கு? இன்னும் எத்தனை பேரைச் சாய்த்தால் உங்கள் ஆத்திரம் அடங்கும்? அந்தப் பெரிய மனிதர் எதற்காக மரமேறினார்? ஓர் அயல் வீட்டுக்காரியின் மரத்தின் மேல் ரம்பம் படாமல் உங்கள் ஆப்பிளைக் காப்பாற்றத்தானே? ஏப்ரல் வருகிறது. மீதிக் கட்டிகளை அதற்குள் பறிக்காவிட்டால் துரு மறுபடி வரும், ரம்பமும் மறுபடி வரும், அவர் செத்தது வீண்.

அதனால் கூட்டம் தொடங்குமுன், கடைசி வரிசையில் இருக்கும் ஹெஸ்டர் அம்மாளிடம் போனேன். எங்களை உள்ளே விடுவீர்களா என்று கேட்டேன்.

"யார் ஏறுவாங்க?" என்றார்.

"நீங்க யாரைச் சொல்றீங்களோ அவங்க."

"எல்வுட்டோட தம்பி ஏறட்டும்."

"அவனையா? உங்க வேலிக்குள்ளயா?"

"அவனைத்தான். அவன் மேல இருக்கிற வரைக்கும் கீழ நான் நிக்கறேன். ரம்பத்தோட ஒருத்தனையும் கிட்ட விட மாட்டேன்."

தோழர்களே, எல்வுட் ஷோவால்ட்டரின் பேரால் இந்தச் சங்கம் உறுதி எடுக்கிறது. கடைசிக் கட்டி சாம்பலாகும்வரை பறிப்போம். நாளை விடிந்ததும் ஆளுக்கொரு வாளியோடு அந்த வேலியருகே வந்து சேருங்கள்.

கார்லண்ட், எழுந்திரு. அந்த அம்மாள் பதிலுக்குக் காத்திருக்கிறார்.