வேண்டாம்னு சொன்ன துணிகள்

– ...இன்னும் கொஞ்சம் முன்னாடி தள்ளி உட்காருங்க ஹால்காரரே. விருந்துக்கு வர்றவங்க யாரும் நாற்காலியில முழுசா உட்கார மாட்டாங்க. நுனியிலதான் உட்காருவாங்க.

– நுனியில உட்கார்ந்தா வழுக்குதுங்க டெய்லரம்மா.

– சாட்டின்ல நாற்காலி உறை தைச்சா வழுக்கத்தான் செய்யும்.

– பட்டுப் புடவை கட்டினவங்க உட்கார்ந்தாங்கன்னா, நேரா மேடைக்கே போய்ச் சேர்ந்துடுவாங்க.

– அப்போ இதுவும் வேண்டாம்.

– வேண்டாம்.

– போன வாரம் வெல்வெட் கொண்டு வந்தேன்...

– அது போற வர்ற தூசியை எல்லாம் கூப்பிட்டு உட்கார வைக்கும்.

– அதுக்கு முந்தி பருத்தி.

– கசங்குது. முந்நூறு உறைக்கும் இஸ்திரி போட்டே எனக்கு முதுகு போயிடும்.

– சரின்னுதானே இஸ்திரியே வேண்டாத துணியா பார்த்து எடுத்துட்டு வந்தேன்? இழுத்தா நீளுமே, அது?

– அதுவா... நாற்காலியை இறுக்கிப் பிடிச்சுக்குதுங்க. பார்க்கற எனக்கே மூச்சு முட்டுது.

– நாற்காலிக்காக மூச்சு வாங்கற ஆளை இப்பத்தான் பார்க்கறேன்.

– ராத்திரி பகலா இதுங்களோடயே இருக்கேன். பாவமா இருக்காதா?

– பாவம்! ஞாயித்துக்கிழமை பெரிய விருந்து இருக்கே, அது ஞாபகம் இருக்கா?

– ...இருக்கு.

– முதலாளி என்ன சொன்னார்?

– ஞாயித்துக்கிழமை ஒரு நாற்காலி வெறும் உடம்போட நின்னாலும், சாவிக்கொத்தை மேசையில வெச்சுட்டு நடையைக் கட்டுன்னார்.

– கேட்டுட்டும் இப்படி வேண்டாம் வேண்டாம்னா?

– இன்னும் ஒரு துணி மடியில வெச்சிருக்கீங்களே. அதைக் காட்டுங்க.

– இது கடைசி. கண்ணை மூடுங்க. கையை நீட்டுங்க... ம், இப்ப தொட்டுப் பாருங்க.

– குளுகுளுன்னு இருக்கு.

– கண்ணைத் திறக்காதீங்க! நிறத்தை நான் சொல்றேன். சாயங்காலம் விளக்கு போடறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, இந்த ஜன்னலுக்கு வெளியில ஒரு நீலம் வருமே...

– வரும். திரைச்சீலையை இழுத்து விடவே மனசு வராது.

– அந்த நீலம். முந்நூறு நாற்காலிக்கும் அதையே போட்டு, மேல இருக்கற பெரிய விளக்கை மட்டும் மெதுவா ஏத்தினா...

– ஹால் குளமாயிடும்.

– ஆமா! மேசை எல்லாம் மிதக்கும்.

– வர்றவங்க செருப்பைக் கையில எடுத்துட்டு நடப்பாங்க.

– பாட்டு போட்டா அலை அடிக்கும்.

– நீங்க எங்க இருப்பீங்க?

– நானா... கரையில. உறை கிழிஞ்சா தைக்கணுமே.

– நான்?

– நீங்களும் கரையிலதான். யார் நனையறாங்கன்னு பார்க்கணுமே.

– நல்லா இருக்குங்க.

– அப்போ சரியா? வெட்டிடவா?

– ...வேண்டாம்.

– ஐயோ! ஏன்?

– கறை... கறை தெரியும்.

– அந்த டீயைக் கொடுங்க.

– எதுக்கு... அட, ஊத்திட்டீங்களே!

– இப்போ துடைச்சுட்டேன். பாருங்க, தெரியுதா?

– ...இன்னொரு தடவை ஊத்துங்க.

– டீதான் தீர்ந்துபோகும், கறை வராது. நகருங்க, நாற்காலியை அளக்கணும்.

– வந்த தடவையெல்லாம் அளந்தீங்களே?

– நாற்காலிக்கு இடுப்பு பெருத்திருந்தா?

– மரத்துக்கா?

– உங்க ஹால்ல எதை நம்பறது? அந்த ஓரத்தைப் பிடிங்க... ஃபோன் அடிக்குது பாருங்க.

– முதலாளி! ...வணக்கம்ங்க. ஆமாங்க. உறைங்களா... தைச்சுட்டிருக்காங்க. ஞாயித்துக்கிழமை காலையில எல்லாம் மாட்டியிருக்கும்ங்க. ...சரிங்க. ...சரிங்க.

– யாரு தைச்சுட்டிருக்காங்க?

– நீங்க.

– நானா? நான் இங்க டேப்பை வெச்சுட்டு நிக்கறேன்.

– டெய்லரம்மா... உட்காருங்களேன். ஒண்ணு சொல்லணும்.

– நுனியிலயா, முழுசாவா?

– விளையாடாதீங்க. முதல் நாள் ஒரு பால் வெள்ளைத் துணி கொண்டு வந்தீங்க.

– ம்.

– அன்னைக்கே எனக்குப் பிடிச்சுப் போச்சு.

– வெயில்ல மஞ்சளாயிடும்னு சொன்னீங்க!

– இந்த ஹாலுக்குள்ள வெயில் எங்க வருது? சரின்னு சொல்லியிருந்தா நீங்க போயிருப்பீங்க. உறை மட்டும் மூட்டை மூட்டையா ஆட்டோவுல வந்து இறங்கியிருக்கும். அதான்... வேண்டாம்னேன். அடுத்த வாரமும் வந்தீங்க. மறுபடி வேண்டாம்னேன். சிரிக்காதீங்க. என் வேலை போகப் போகுது. ஞாயித்துக்கிழமைக்குள்ள முந்நூறு உறையை யாரால தைக்க முடியும்? ஆசையில உங்க ஆர்டருக்கும் உலை வெச்சுட்டேன்.

– ஒரு ஆட்டோ கூப்பிடுங்க.

– கோபமா?

– பெரிய ஆட்டோவா கூப்பிடுங்க. முந்நூறு உறையும் என் வீட்டுல இருக்கு. அறை முழுக்க அடுக்கி வெச்சு, படுக்க இடமில்லாம அது மேலயேதான் தூங்கறேன். மேகத்துல படுத்த மாதிரி இருக்கு.

– தைச்சு முடிச்சிட்டீங்களா? எந்தத் துணியில?

– பால் வெள்ளை. அன்னைக்கு அதுல உட்கார்ந்ததும் உங்க கண்ணு தானா மூடிக்கிச்சு. வாய்தான் வேண்டாம்னுச்சு. நான் கண்ணு சொன்னதைக் கேட்டுட்டு, வீட்டுக்குப் போனதும் வெட்டிட்டேன்.

– அப்போ இந்த சாட்டின், வெல்வெட், நீலம்... வாராவாரம் இதையெல்லாம் எதுக்குச் சுமந்துட்டு வந்தீங்க?

– வீட்டுல தைக்கும்போது உங்க நினைப்பு வந்து வந்து ஊசி விரல்ல ஏறிடுதுங்க. நேர்ல வந்து உங்க வாயால ஒரு ‘வேண்டாம்’ கேட்டுட்டுப் போனா, ஒரு வாரத்துக்கு விரல் தப்பிச்சுக்கும்.