மூன்று திரைகளும் இருண்டபோது கையெழுத்திட மறுத்தவருக்கு

கம்பிகளின் குணமறிந்த காரியக்காரரே! கருவிகளின் கள்ளத்தனம் கண்டறியும் கண்ணுடையவரே! "இன்னொரு தடவ போட்டுப் பாப்போம்" என்று சொல்லிச் சொல்லியே இம்மருத்துவமனை முழுவதற்கும் ‘இன்னொரு தடவை அக்கா’ ஆகிவிட்ட பெருமாட்டியே! வணக்கம்.

முப்பத்தோராண்டுகள் கருவிப் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றி இன்று ஓய்வு பெறுகிறீர்கள். இங்குள்ள ஒவ்வொரு கேபிளின் நுனியிலும் உங்கள் கையெழுத்தில் ஒரு சீட்டு தொங்குகிறது. பொறுமையில் பூமி என்று உங்களைப் புகழ ஆசைதான்; ஆனால் சபையில் பொய் சொல்லக் கூடாது. கேபிளை வெடுக்கென்று பிடுங்கியவர் தலைமை மருத்துவரே ஆனாலும் உங்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போனார்.

நான்காண்டுகளுக்கு முன் அறுவை அரங்குக்குப் புதுவகைத் திரை இணைப்பு வந்தது. நோயாளியின் உடலுக்குள் கேமரா பிடிப்பதை மருத்துவர் முன்னுள்ள திரையிலும், செவிலியர் பக்கத் திரையிலும், மாடியிலுள்ள வகுப்பறைத் திரையிலும் ஒரே கணினி காட்டும் என்றார்கள். திறப்பு விழாவுக்கு அழைப்பிதழும் அடித்தாயிற்று; கருவி சரியென்று நீங்கள் கையெழுத்திடுவதுதான் பாக்கி. சோதனையில் கீழே இரண்டு திரைகளும் பளிச்சென்று ஒளிர்ந்தன, நாங்கள் கைதட்டினோம். நீங்களோ வகுப்பறையின் பழைய திரையையும் சேர்த்து இன்னொரு தடவை பார்க்கச் சொன்னீர்கள்.

அதைச் செருகியதும் மூன்று திரைகளும் இருண்டன. படத்தை யாரும் திருட்டுப் பிரதி எடுத்துவிடாதபடி அந்த இணைப்புக்குள்ளேயே ஒரு பூட்டு வைத்திருந்தார்களாம். பூட்டுக்குப் பழக்கமில்லாத பழைய திரை ஒன்று வந்து சேர்ந்தால் எல்லாவற்றையும் மூடிவிடுமாம். "பழைய திரைய மாட்டாதீங்க, அவ்வளவுதான்" என்றார் விற்க வந்தவர். நாங்களும் தலையாட்டினோம்.

"மாட்டாதீங்கன்னு எத்தன பேருகிட்ட சொல்லுவீங்க? படத்தத் திருடுறாங்களான்னு பாக்கத்தான் இதுக்குத் தெரியும். மேசையில ஒரு ஆள் படுத்திருக்காங்கன்னு தெரியாது சார். நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றீர்கள்.

விழா தள்ளிப்போயிற்று. ஒன்பது வாரம் எல்லோரோடும் மல்லுக்கட்டி, பூட்டில்லாத கருவியை வரவழைத்த பிறகே கையெழுத்திட்டீர்கள். அடுத்த ஆண்டு ஓர் அறுவை நடக்கையில், வகுப்பறையின் புதுத் திரை பழுதாக, யாரோ கிடங்கிலிருந்த பழைய திரையை எடுத்து மாட்டிவிட்டார். கீழே படம் கண் சிமிட்டக்கூட இல்லை. அந்த நிமிடத்தில் கசியும் ரத்தக் குழாய் ஒன்றைத் தாம் கருவி நுனியில் பிடித்திருந்ததாகத் தலைமை மருத்துவர் பிறகு சொன்னார்.

நோயின்றி நெடுநாள் வாழ்க, அக்கா! நிம்மதியாய் உறங்கி, நினைத்தபோது எழுந்து, மனம்போல் மகிழ்ந்து வாழ்க!

ஒன்றைச் சொல்லாமல் இம்மடலை முடிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. அந்த ஒன்பது வாரத்தில், வேண்டுமென்றே வேலையைத் தடுக்கிறீர்கள் என்று உங்கள்மீது புகார் எழுதினோம். அச்சிடும்போது தாள் சிக்கிக்கொண்டது. நீங்கள்தான் வந்து பிரிண்டரைத் திறந்து, தாளை எடுத்து, கசங்கலை நீவி, எங்கள் கையில் கொடுத்தீர்கள். நீங்கள் அதைப் படித்துவிட்டது எங்களுக்குத் தெரியும். அன்று மதியமும் எங்களோடுதான் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள்.

அந்தப் புகாரை இன்று இச்சபையில் திரும்பப் பெறுகிறோம். எங்களை மன்னித்துவிடுங்கள்.

அதில் கையெழுத்திட்ட அதே பதினொருவர்,
கருவிப் பராமரிப்புப் பிரிவு