தும்பியின் மறுபாதி

போதும் தங்கச்சி, இன்னொரு சொம்பு வேண்டாம். நீ உட்காரு, நிறைமாசத்துல நிக்காத. என்னய அக்கான்னே கூப்பிடு, நான்தான மூத்தவ.

எங்க வீட்டுக்காரரா? ரயில் இஞ்சின்ல கரி அள்ளிப் போடுறவரு. லாபிஸ்ல வீடு. வாரத்துல பாதி நாள்தான் வருவாரு. மீதி நாள் எங்க படுக்கிறீங்கன்னு கேட்டா, டூட்டிம்பாரு. அதத் தெரிஞ்சுக்கத்தான் பிள்ளையத் தூக்கிக்கிட்டு உங்க ஊரு ரெங்கத்துக்கு வந்தேன். பேரா? ஐயையோ அலமாக், புருசன் பேர வாயால சொல்லுவாங்களா? நீ மட்டும் உன் வீட்டுக்காரர் பேர சொல்லிட்டியா என்ன!

ஒரு நா, கப்பல்ல வந்த கரிக்குள்ள எரியாத கல்லு ஒண்ணு கிடந்துச்சாம். சுத்தியலால ஒரு தட்டு தட்டுனதும் புஸ்தகம் விரிஞ்ச மாதிரி ரெண்டாப் பிளந்துருச்சாம். கொண்டாந்து காட்டுனாரு. உள்ள ஒரு றெக்கை தங்கச்சி, முழங்கை நீளம், நரம்பு நரம்பா! நான் வவ்வாலுன்னு நினைச்சேன். ஸ்டேஷன் மாஸ்டர் அமலநாதன் ஐயாதான் சொன்னாரு, அது தும்பியாம். மனுசனே பொறக்காத காலத்துல புறா பெருசுக்குப் பறந்துச்சாம். சிரிக்கிறியா? நானும் சிரிச்சேன். அது இப்ப இருந்தா இந்த லயத்து வீடுகள்ல ஒரு கொசு மிஞ்சுமா? காச்சலுக்குக் குடிக்கிற கொய்னா மருந்துக் கசப்பாவது நமக்கு இல்லாம போயிருக்கும்.

எனக்குன்னு அவரு கொண்டாந்த ஒரே பொருள் அதான். சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சிருந்தேன், பாப்பாவக்கூட தொட விட மாட்டேன். மத்த பாதி எங்கன்னு கேட்டேன். அடுப்புல விழுந்து எரிஞ்சு போச்சுன்னாரு. எரியாத கல்லு எப்படி எரியும்னு அப்ப எனக்கு உறைக்கல பாரு.

போன வாரம் கீரை விக்கிற வெள்ளையம்மா அதப் பாத்துட்டு, இதே மாதிரி கல்லு ரெங்கத்துல ஒரு வீட்டுல தண்ணிப்பானைக்கு மூடியாக் கிடக்குதுன்னா. எந்த வீடுன்னு மட்டும் வாயே தொறக்கல. அதான் காலையிலேருந்து வீடு வீடாத் தண்ணி கேட்டுக் குடிக்கிறேன். வயிறு பானையாட்டம் ஆயிருச்சு. உன் வீட்டோட தாகம் தீந்துச்சு.

அழாத. நீ என்ன பண்ணுவ, உனக்கும் டூட்டின்னுதான சொல்லியிருப்பாரு. என் பாதி இந்தா, கூடையில இருக்கு. உன் மூடியோட பொருத்திப் பாத்துருவோம்.

நீ எந்திரிக்காத, நானே எடுத்துக்கிறேன்.